சுற்றுச்சுவருக்கு மணலும் சிமெண்டும் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

மல்லிப்பந்தல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்பக்கச் சுற்றுச்சுவர் போன மழையில் சாய்ந்துவிட்டது. அஸ்திவாரம் நன்றாகத்தான் இருக்கிறது, கொத்தனார் கடப்பாரையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதன்மேல் 40 அடி நீளம், 5 அடி உயரத்துக்கு 9 அங்குலச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் பூச்சு. செங்கல் வந்து இறங்கியாயிற்று. வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருப்பதால் எல்லாவற்றையும் நானே நின்று பார்க்கிறேன். சமையலறை டைல்ஸ் மாற்றியதைத் தவிர கட்டட வேலையில் எனக்கு வேறு அனுபவம் இல்லை.

கொத்தனார் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டே வரி. சிமெண்ட் 20 மூட்டை, மணல் 2 யூனிட். "இவ்வளவு வேணுமாண்ணே?" என்று கேட்டால், "இறக்கி வைங்கம்மா, மிஞ்சினா வேற வேலைக்கு ஆகும்" என்கிறார். வேற வேலை என்ன என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

சிமெண்ட் கடைக்குப் போனால் 43 வேண்டுமா, 53 வேண்டுமா, பிபிசியா என்று கேட்டார்கள். பெரிய நம்பர்தான் நல்லது போல என்று 53 என்றேன். அப்புறம் கடையில் அடுக்கியிருந்த எல்லா மூட்டையிலும் போர்ட்லண்ட், போர்ட்லண்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, எல்லாம் ஒரே கம்பெனி தயாரிப்பா என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். மூட்டை தூக்கும் பையன் திரும்பிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஆர்டர் கொடுக்காமலேயே வந்துவிட்டேன்.

மணலுக்கு இரண்டு இடம் பார்த்தேன். ஒன்றில் ஆற்று மணல் என்று காட்டினார்கள். ஒரு பிடி எடுத்துக் கீழே விட்டேன். மணல் போய்விட்டது, உள்ளங்கை முழுக்க மஞ்சளாக ஏதோ அப்பிக்கொண்டது. வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகும் ரேகை ரேகையாகத் தெரிந்தது. இன்னொரு இடத்தில் கல்லை உடைத்து எடுக்கும் எம்-சாண்ட். சாம்பல் நிறம், கையில் குத்துகிறது. இரண்டு குவியலுமே ஈரமாக இருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு பை மாதிரி வாங்கி வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் என் கொழுந்தனார், அவர் வீட்டு மாடிப்படிக்கடியில் 3 மூட்டை சிமெண்ட் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்.

எவ்வளவு வாங்குவது, எந்த மணல், எந்த சிமெண்ட், அந்த 3 மூட்டையை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாடிவீடு:

அக்கா, அந்த நம்பர் சிமெண்டின் பலத்தைக் குறிப்பது, வெறும் சுவருக்கு 53 வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பூசும்போது, சிமெண்ட் தாராளமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று 1க்கு 3, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், கலக்கச் சொன்னேன். கொத்தனாரும் மறுக்கவில்லை. பூசிப் பத்து நாளில் சுவர் முழுக்க வலை பின்னியது மாதிரி மயிரிழை விரிசல். சிமெண்ட் கூடினால் பூச்சு காயும்போது அதிகமாகச் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நம்பர் பெரிதாக இருந்தால் நல்லது என்பதெல்லாம் செருப்புக்குக்கூடப் பொருந்தாது.

இன்னொன்று. எம்-சாண்ட் என்று சொல்லி கிரஷர் டஸ்ட்டைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதுவும் நடந்தது. மணல் கடை வைத்திருந்தவர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் வந்து விவரமாகச் சொல்லட்டும்.


ஜல்லிக்கடை:

வந்துவிட்டேன். மணல், ஜல்லி, சிமெண்ட் யார்டு 22 வருடம் நடத்தினேன். இப்போது இல்லை, அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

அம்மா, முதலில் அந்தச் சீட்டைப் பார்ப்போம். 40 அடிக்கு 5 அடி, கனம் முக்கால் அடி. பெருக்கினால் 150 கன அடி. இதில் பெரும்பகுதி செங்கல். சாந்து ஏறக்குறைய கால் பங்குதான் வரும், சேதாரம் சேர்த்து 40 கன அடி வைத்துக்கொள்ளுங்கள். 40 கன அடி சாந்துக்கு மணலும் கிட்டத்தட்ட அதே 40 கன அடிதான். சிமெண்ட் தனியாக இடம் கேட்காது, மணலின் இண்டு இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். 9 அங்குலச் சுவருக்கு 1க்கு 6 போதும். 40ஐ 6ஆல் வகுத்தால் 6.7 கன அடி சிமெண்ட். 50 கிலோ மூட்டை ஒன்று சுமார் ஒன்றேகால் கன அடி. ஆக ஐந்தரை மூட்டை, 6 என்று வையுங்கள். பூச்சுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 400 சதுர அடி, அரை அங்குல கனம். மேடு பள்ளம் அடைக்கிற கணக்கையும் சேர்த்து 20 கன அடி மணல், 1க்கு 5 என்றால் 4 மூட்டை. சுவர் தலைக்குத் தண்ணீர் இறங்காமல் சரிவாகப் போடும் தொப்பிக்கு ஒரு மூட்டை. மொத்தம் 11 மூட்டை, 60 கன அடி மணல். யூனிட் என்பது 100 கன அடி. ஒரு யூனிட் இறக்கினாலே மிஞ்சும்.

20 மூட்டை எதற்கு என்று உங்கள் கொத்தனாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் 6 மூட்டை மட்டும் வாங்குங்கள். பூச்சு தொடங்கும்போது மீதியை வாங்கிக்கொள்ளலாம். கடை ஓடிப்போகாது, சிமெண்ட்தான் கெட்டுப்போகும்.

இனி மணல். எல்லாரும் சிமெண்டைப் பற்றித்தான் பத்துக் கேள்வி கேட்பார்கள். என் கடைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மணல் குவியலைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சிமெண்ட் ஆலையில் சோதனை செய்து, மூட்டையில் நாள் போட்டு, வாய் தைத்து வருகிறது. மணலுக்கு வாய் தைப்பது யார்? உங்கள் கண்ணும் கையும்தான் அதற்கு ஆய்வுக்கூடம். நீங்கள் ஒரு பிடி எடுத்துக் கீழே விட்டுக் கையைப் பார்த்தீர்களே, அதைத்தான் நானும் குவாரியில் முதலில் செய்வேன். கையில் ஒட்டிய அந்த மஞ்சள்தான் களிமண். அது மணல் துகளைச் சுற்றிச் சட்டை மாதிரிப் போர்த்திக்கொள்ளும், சிமெண்ட் மணலைப் பிடிக்காமல் அந்தச் சட்டையைப் பிடிக்கும். அப்புறம் சுவரை விரல் நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும்.

கையை நம்பாவிட்டால் பாட்டிலை நம்புங்கள். அடிப்பக்கம் நேராக இருக்கிற கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, முக்கால் பாட்டில் வரும்வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மூடியைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு போட்டால் வண்டல் சீக்கிரம் படியும். சமமான இடத்தில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். மணல் கீழே உட்காரும், அதன்மேல் வழவழவென்று ஒரு படலம் நிற்கும். ஸ்கேல் வைத்து இரண்டையும் அளங்கள். மணல் 10 சென்டிமீட்டர் இருந்தால் படலம் 8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேறு இடம் பாருங்கள், அல்லது அலசிப் போட வேண்டும். 60 கன அடி மணலை அலச யாருக்குப் பொறுமை?

எம்-சாண்டுக்கு இந்தச் சோதனையை அப்படியே நம்பக் கூடாது. அதில் மேலே நிற்பது பெரும்பாலும் கல்லின் பொடி, களிமண் அல்ல. கொஞ்சம் கூட இருந்தாலும் தோஷமில்லை. அந்தப் படலத்தை விரலால் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் மண், மாவு மாதிரி நறநறத்தால் கல். கிரஷர் டஸ்ட் என்று மாடிவீடு தம்பி சொன்னது வேறு சமாச்சாரம். ஜல்லி உடைக்கும்போது கீழே கொட்டுகிற கழிவுதான் டஸ்ட். அதில் தட்டைச் சில்லும் தூசியும்தான் இருக்கும், இடைப்பட்ட அளவுகள் இருக்காது. எம்-சாண்ட் என்பது மணலாக்குவதற்கென்றே கல்லை உடைத்து, முனை மழுக்கி, கழுவி, சலித்து எடுப்பது. நல்ல எம்-சாண்டில் பெரியது, நடுத்தரம், பொடி என்று எல்லா அளவும் கலந்து இருக்கும். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கட்டுவேலைக்கு எம்-சாண்ட் சரி, பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட் கேட்டு வாங்குங்கள்.

எந்த மணலாக இருந்தாலும் நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்க்கவும் கூச்சப்படாதீர்கள். கரித்தால் உப்பு மணல், அந்த லாரியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பெயிண்டை உரித்துக் கொடுக்கும். உள்ளே கம்பி இருந்தால் அதையும் தின்றுவிடும்.

சிமெண்டுக்கு வருவோம். உங்கள் வேலைக்கு பிபிசி, அதாவது போர்ட்லண்ட் போசலானா சிமெண்ட், போதும். அதில் சாம்பல் கலந்திருப்பதால் முதல் சில நாள் மெதுவாக இறுகும், அதனால் தண்ணீர் ஊற்றுவதை இரண்டு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 53 அவசரமாக இறுகுவது, தளம் தூண் போடுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். போர்ட்லண்ட் என்பது கம்பெனி இல்லை அம்மா, சிமெண்டின் வகை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்று ஒருவர் 1824இல் காப்புரிமை வாங்கினார். இறுகினால் போர்ட்லண்ட் என்ற இடத்துக் கல் மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெயர் வைத்தார். அவரும் செங்கல் அடுக்கிய கொத்தனார்தான். அந்தப் பையனிடம் போய் இதைச் சொல்லுங்கள், அவனுக்கும் தெரிந்திருக்காது.

கொழுந்தனார் மூட்டை. சிமெண்ட் மூன்று மாதம் கிடந்தால் ஐந்தில் ஒரு பங்கு பலம் போகும், ஆறு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு போல என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். மாடிப்படிக்கடி ஈரத்தில் இன்னும் கூடப் போயிருக்கலாம். மூட்டை கல் மாதிரி இருக்கிறதே என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அடுக்கின் அடியில் கிடந்த மூட்டை பாரத்தினாலேயே இறுகும், தரையில் நாலு புரட்டுப் புரட்டினால் பொலபொலவென்று ஆகிவிடும். ஈரம் குடித்துக் கட்டி தட்டியது அப்படி ஆகாது. கையை உள்ளே விட்டு ஒரு கட்டியை எடுத்து இரண்டு விரலால் நசுக்குங்கள். நசுங்கினால் சலித்துவிட்டு, வாசல் முன்னால் தரை சமன் செய்யவோ துவைக்கிற கல்லைப் பதிக்கவோ வைத்துக்கொள்ளலாம். நசுங்காவிட்டால் அது கல், சிமெண்ட் அல்ல. எப்படியும் சுவருக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் இருக்க வாங்கி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் பணம் போகிற இடம். மணல் ஈரமாக இருந்தது என்றீர்களே. ஈர மணல் உப்பும். துகளைச் சுற்றித் தண்ணீர் மெல்லிசாகப் படிந்து ஒன்றையொன்று ஒட்டவிடாமல் தள்ளி நிறுத்தும். லேசான ஈரத்தில் கால் பங்கு வரைக்கும் உப்பும், நைஸ் மணல் இன்னும் கூட. தண்ணீரில் முழுக்க மூழ்கினால் உப்பல் போய்ப் பழைய அளவுக்கே உட்கார்ந்துவிடும். லாரிக்காரர் கன அடியில் விற்கிறார், நீங்கள் காற்றுக்கும் காசு கொடுக்கிறீர்கள். வண்டி வந்ததும் இறக்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு ஏறிவிடுங்கள். லோடு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள், லோடு அளவே இல்லை.


கரண்டி பிடித்தவன்:

ஐயா சொன்னதில் பாதி சரி. கொத்தனார் பக்கத்தையும் ஒருத்தன் சொல்ல வேண்டாமா? 31 வருசமாகக் கரண்டி பிடிக்கிறேன்.

20 மூட்டை எழுதினார் என்றதும் எல்லாரும் மனசுக்குள் திருடன் என்று நினைத்திருப்பீர்கள். சில பேர் அப்படியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு சிமெண்ட் தீர்ந்தால், வீட்டுக்காரர் போன் பண்ணி, வண்டி பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு சித்தாளும் நானும் சும்மா உட்கார்ந்திருப்போம். பாதிக் கூலிக்குத்தான் அன்றைக்குப் பேச்சு. அதனால்தான் கூட எழுதுவது. அக்கா 6 மூட்டைதான் இறக்குவேன் என்றால், அது தீர்வதற்கு முந்தின நாளே அடுத்ததைச் சொல்லிவைத்துவிடுங்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எம்-சாண்ட் எனக்குப் பிடிக்காது. தண்ணீரைக் குடிக்கும், கரண்டியில் நிற்காமல் கரகரவென்று சரியும், சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும். ஆற்று மணல் பட்டு மாதிரி இழுபடும். ஆனால் நல்ல ஆற்று மணலைக் கண்ணில் பார்த்தே நாளாகிறது. ஆற்று மணல் என்று பேர் வைத்து சவுடு மண் கலந்து வருவதைவிட எம்-சாண்டே தேவலை. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சாந்து வழுக்கிக்கொண்டு வரவேண்டும் என்று நாங்களே ஒரு சட்டி செம்மண்ணை உள்ளே தள்ளிய காலமும் உண்டு. யாராவது அப்படிச் செய்தால் விடாதீர்கள். மேஸ்திரி சொன்னால் சொல்லட்டும்.

கலவையை அளக்கச் சட்டியை நம்பாதீர்கள், ஒரு சித்தாள் கோபுரமாக அள்ளுவாள், இன்னொருத்தி தலை தட்டி அள்ளுவாள். ஓர் அடிக்கு ஓர் அடி, 15 அங்குல உயரத்தில் அடியில்லாத ஒரு பலகைப் பெட்டி அடித்துக்கொடுங்கள். அது ஒரு மூட்டை சிமெண்டின் அளவு. ஆறு பெட்டி மணல், ஒரு மூட்டை. முதலில் தண்ணீரில்லாமல் நிறம் ஒன்றாகிறவரை இரண்டு மூன்று தடவை புரட்டச் சொல்லுங்கள். தண்ணீர் விட்ட சாந்தை ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்கிற அளவுக்குத்தான் நனைக்க வேண்டும். இறுக ஆரம்பித்த சாந்தில் மறுபடி தண்ணீர் தெளித்து இளக்கினால் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே பிடிப்பு செத்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது கலவை மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். தப்பு நடக்கிற நேரம் அதுதான்.

செங்கலை முந்தின நாளே நனைத்துவிடுங்கள். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். சுவருக்கு 7 நாளாவது காலையும் சாயங்காலமும் தண்ணீர். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை அக்கா, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். சிமெண்ட் சாந்தை வெறுங்கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள், என் விரல் இடுக்கைப் பார்த்தால் ஆசை போய்விடும்.


மல்லிப்பந்தல்:

மிகவும் நன்றி. எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று பத்து நாள் காத்திருந்தேன்.

முதலில் பாட்டில். ஊறுகாய் பாட்டில் இரண்டைக் கழுவி, ஒன்றில் அந்த மஞ்சள் மணல், இன்னொன்றில் எம்-சாண்ட். குலுக்கி ஜன்னலோரம் வைத்தேன். முதல் பாட்டில் ராத்திரி வரைக்கும் தெளியவில்லை, தேநீர் மாதிரியே இருந்தது. காலையில் பார்த்தால் மணல் 10 சென்டிமீட்டர், மேலே 1.3 சென்டிமீட்டர் வண்டல். நடுவில் கோடு போட்டது மாதிரி தெளிவாகத் தெரிந்தது. எம்-சாண்டில் 5 மில்லிமீட்டர். அதைக் கரண்டிக் காம்பால் எடுத்து விரலில் தேய்த்தேன். நறநறவென்றுதான் இருந்தது. என் மகள் இரண்டு பாட்டிலையும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டாள், இன்னும் திரும்பி வரவில்லை.

எம்-சாண்டுதான் சொன்னேன், ஒரு யூனிட். வண்டி காலை ஏழு மணிக்கே வந்துவிட்டது. டிரைவர் பின்கதவைத் திறக்கப் போனார். "இருங்கண்ணே, அளந்துட்டு இறக்கலாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. ஏணி போட்டு ஏறிவிட்டேன். பெட்டி உள்ளளவு 10 அடிக்கு 6 அடி. 100 கன அடி வேண்டுமென்றால் 20 அங்குலம் நிற்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க நடுவில் மலை மாதிரி இருந்தது. ஒரு கம்பியில் அங்குலம் குறித்து வைத்திருந்தேன், அதைக் குத்திக் குத்திப் பார்த்தேன். நான்கு மூலையிலும் 14, 15, 16, 15. நடுவில் மட்டும் 23. சராசரி 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. போனில் கணக்குப் போட்டால் 83 கன அடி.

டிரைவர், "வழியில குலுங்கி இறங்கிருக்கும்மா" என்றார். குலுங்கினால் நடுவில்தானே முதலில் இறங்க வேண்டும், மூலையில் எப்படி இறங்கும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முதலாளிக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் தள்ளிப் போய்ப் பேசினார். கடைசியில் 83க்கே பில் போடச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

உப்பலும் பார்த்தேன். பக்கெட்டில் அழுத்தாமல் 24 சென்டிமீட்டருக்கு மணல் கொட்டி, அதை வெளியே எடுத்துவிட்டு, பாதி பக்கெட் தண்ணீர் வைத்து அதே மணலைத் திரும்பப் போட்டுக் கிளறினேன். 19 சென்டிமீட்டரில் நின்றது. முதலில் நம்பவில்லை, மணல் கொட்டிவிட்டேனோ என்று இன்னொரு தடவை செய்தேன். அதே 19. அப்படியென்றால் என் 83 கன அடியில் உண்மையான மணல் 66 தானே? உங்கள் கணக்குப்படி அது போதும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மணல் உப்பியிருந்தால் ஆறு பெட்டி போடும்போது கலவை பலவீனமாகிவிடாதா?


ஜல்லிக்கடை:

நேர்மாறு அம்மா. ஆறு பெட்டி உப்பின மணலில் உண்மையான மணல் ஐந்து பெட்டிக்கும் குறைவு. ஆக நீங்கள் 1க்கு 6 என்று நினைத்து 1க்கு 5 போடுகிறீர்கள். சுவருக்கு நஷ்டமில்லை, சிமெண்ட் மூட்டைதான் கணக்குக்கு முன்னாலேயே தீரும். கட்டுவேலைக்கு ஒரு மூட்டை கூடச் செலவானால் கொத்தனாரைச் சந்தேகப்படாதீர்கள். கணக்கு நேராக வர வேண்டுமென்றால் ஏழரைப் பெட்டி போடச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த மணல் என்றால் ஆறேதான்.

சிமெண்ட் எப்படி வாங்கினீர்கள், அதைச் சொல்லவில்லையே?


மல்லிப்பந்தல்:

அதே கடைதான். பிபிசி 6 மூட்டை. மூட்டையின் பக்கவாட்டில் தயாரித்த வாரம் அச்சடித்திருந்தது, மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முன்னால் அடுக்கியிருந்த மூட்டைகளில் இரண்டு மாதத்துக்கு முந்தினது இருந்தது, உள்ளேயிருந்து எடுத்துக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். வீட்டில் பலகை போட்டு, சுவரில் ஒட்டாமல் ஓர் அடி தள்ளி அடுக்கி, தார்பாய் போட்டிருக்கிறேன். ஆஸ்ப்டின் கதையை அந்தப் பையனிடம் சொன்னேன். "அவரு கடை எங்கக்கா இருக்கு?" என்றான்.

கட்டுவேலை நேற்று முடிந்தது. அப்புறம் வாங்கிய ஏழாவது மூட்டையில் பாதி செலவாயிற்று. ஐயா சொன்னது சரி, கொத்தனாரைச் சந்தேகப்படவில்லை. பெட்டியைப் பார்த்ததும் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பலகை வைத்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கொழுந்தனார் மூட்டையில் ஒன்று புரட்டியதும் உதிர்ந்தது, சலித்துப் பின்வாசல் தரைக்குப் போட்டுவிட்டோம். மற்ற இரண்டும் கல். அதையும் வீணாக்கவில்லை, தார்பாய் பறக்காமல் இருக்க இரண்டு மூலையில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரே ஒரு பிரச்சினை. மீதி மணலைத் தெருவோரம் குவித்து வைத்திருக்கிறோம். தெருப் பூனை எல்லாம் ராத்திரியில் அங்கேதான் வந்து போகின்றன. பூச்சு ஆரம்பிக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சித்தாள் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, சலிக்காமல் தொட மாட்டேன் என்கிறார். இதற்கு என்ன செய்வீர்கள்?


கரண்டி பிடித்தவன்:

31 வருசமாகப் பூனைக்கும் எனக்கும் இதே தகராறு. தார்பாயை மூட்டை மேலே போட்டீர்களே, மணல் மேலே ஏன் போடவில்லை? விளிம்பைச் சுற்றிச் செங்கல் வரிசையாக வையுங்கள், இல்லாவிட்டால் நோண்டி உள்ளே போய்விடும். ஏற்கெனவே போனதை மண்வெட்டியால் மேலாக அரை அடி வழித்து ஒதுக்குங்கள். மீதியைச் சலித்தால் போதும். அந்த அம்மா சொல்வதுதான் நியாயம், சல்லடை நான் பிடித்தாலும் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் பிடிப்பேன்.